ஒரு பாக்கெட் பாதாம் பிசின்

"அக்காவுக்கு இன்னா புடிக்கும் மாமா?"

என் மச்சினிச்சி இதைக் கேட்டபோது நான் வாசல் பந்தலுக்குக் கீழே, வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலியில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். மனைவி போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. மறுநாள் காரியம். சந்தவாசலிலிருந்து வந்திருந்த மச்சினிச்சி, சமையல்காரரிடம் சாமான்களுக்கெல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியாக என்னிடம் வந்து நின்றாள். கேட்டது சாதாரணக் கேள்விதான். இத்தனை வருஷம் ஒருத்தியோடு குடித்தனம் நடத்தியவன் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். நான் பந்தல் துணியிலிருந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யோசிச்சி சொல்லுங்க. சாயங்காலத்துக்குள்ள சொன்னா போதும்," என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. பூவும் பொட்டுமாகப் போன பெண்ணுக்குக் காரியத்தன்று படையல் போடும்போது, புதுச் சேலை, வளையல், மஞ்சள் குங்குமத்தோடு அவள் விரும்பித் தின்ற பண்டங்களையும் இலையில் வைப்பார்கள். அதில் ஒன்றையாவது கட்டினவன் தன் கையால் செய்து வைக்க வேண்டும். வடை சுடத் தெரியாதவன் வாழைப்பழத்தை நறுக்கிச் சர்க்கரை தூவியாவது வைப்பான். அதில் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். ஆனால் அது அவளுக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும். பிடிக்காததை வைத்தால் அவள் வாசல்வரை வந்துவிட்டு இலையைத் தொடாமலே திரும்பிப் போய்விடுவாள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு இந்த மாதிரிப் பேச்சிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் அவள் திரும்பிப் போவதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்த இரண்டு வாரத்தில் எனக்குள் ஏதாவது அசைந்தது என்றால் அது ஒன்றுதான்.

மற்றபடி ஒன்றுமே அசையவில்லை. அவள் போன மத்தியானம் என் சாயப்பட்டறை அண்டாவில் நூலுக்கு அரக்கு நிறம் ஏறிக்கொண்டிருந்தது. அது நன்றாக நினைவிருக்கிறது. போனில் கூப்பிட்டது யார் என்று கேட்டால் தெரியாது. மார் வலிக்கிறது என்றாளாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்டோவில் ஏற்றினார்களாம். ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். இதெல்லாம் பிறர் சொல்லிக் கேட்டது. நான் போனபோது அவள் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள், மழை வருமா வராதா என்று வானத்தைப் பார்க்கிற மாதிரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "அழுதுடுங்க. உள்ளயே வச்சிகினு இருந்தா உடம்புக்கு ஆவாது," என்று ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். உள்ளே ஏதாவது இருந்தால்தானே வெளியே வரும்? எரிச்சலாகக்கூட வரவில்லை. தலையை ஆட்டினேன். காபி கொடுத்தால் குடித்தேன், குளிக்கச் சொன்னால் குளித்தேன்.

என் கைகளும் அப்படித்தான், ரொம்ப காலமாக. நான் பட்டுக்குச் சாயம் போடுகிறவன். முள்ளிப்பட்டு ஊர்த் தறிக்காரர்களுக்கும் ஆரணிக்குள்ளேயே சிலருக்கும் நூல் என் பட்டறையில்தான் நிறமாகிறது. கொதிக்கிற தண்ணீரிலும் ஆவியிலும் புழங்கிப் புழங்கி விரல் நுனிகளில் சூடு தெரியாது. அடுப்பிலிருந்து இறக்கிய டம்ளரை வெறுங்கையால் பிடிப்பேன். மகள் சின்னவளாக இருந்தபோது தோழிகளைக் கூட்டிவந்து, "எங்கப்பாவுக்குச் சுடாது, பாருங்கடி," என்று வித்தை காட்டச் சொல்வாள். கை பழகிவிட்டது. உடம்பு பழகவில்லை. நாள் முழுக்க அண்டா பக்கத்தில் நின்றால் குடலெல்லாம் காய்ந்துபோகும். நாலு பேர் நடுவில் சொல்ல முடியாத உபாதை. காலையில் கக்கூஸுக்குப் போனால் வெளியே வருவதற்குள் எனக்கு முகம் அரக்கு நிறத்துக்கு வந்துவிடும். ரத்தமும் பட ஆரம்பித்தது. மூன்று மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். அவள்தான் வேட்டியைத் துவைக்கும்போது கண்டுபிடித்தாள்.

டாக்டர் என்னைப் பரிசோதித்துவிட்டு, மூலம் ஆரம்ப நிலையில்தான் இருக்கிறது என்றார். "நார்ச்சத்தே இல்லாம சாப்பிடறீங்க. தண்ணியும் குடிக்கிறதில்ல. அப்பறம் எப்படி எறங்கும்?" என்றார். கீரை, காய், பழம் என்று அடுக்கினார். நான் கீரையை மாட்டுக்கு விட்டுக்கொடுத்தவன். சோறும் கறிக்குழம்பும் இருந்தால் போதும் என்கிற ஜாதி. அவளுக்கு அது தெரியும். அதனால் டாக்டரிடமே கேட்டாள்: "பாதாம் பிசின் குடுக்கலாமாங்க?" அவர் யோசித்துவிட்டு, தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் நன்றாக ஊறவைத்துத்தான் கொடுக்க வேண்டும், கூடவே தண்ணீரும் நிறைய குடிக்க வேண்டும் என்றார். மறுநாள் காலையிலேயே கிண்ணம் வந்துவிட்டது.

உடைந்த கண்ணாடித் தூளை அள்ளி வைத்த மாதிரி இருந்தது. மேலே பாலும் நன்னாரி சர்பத்தும் ஊற்றியிருந்தாள். கரண்டியால் கிளறினேன். வழுக்கிக்கொண்டு ஓடியது.

"இதுல நார் எங்க கீது?" என்று கேட்டேன்.

"இதேதான் நாரு."

"நார் இன்னா, பிசின் இன்னான்னு எனக்குச் சொல்லித் தரியா நீ?"

நான் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பிழைப்பே அதுதானே. கச்சாப் பட்டு முரடாக, வைக்கோல் மாதிரி இருக்கும். பட்டுப்புழு அதன்மேல் பூசிய பிசின்தான் காரணம். சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்தால் அந்தப் பிசின் கரைந்து தண்ணீரோடு போய்விடும். எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு குறையும். மிச்சம் நிற்கிற நார்தான் மெத்தென்று, பளபளவென்று பட்டாகிறது. எங்களுக்கு நார் வேறு, பிசின் வேறு. நார் சேலைக்குப் போகும், பிசின் சாக்கடைக்குப் போகும். இதை அவளுக்கு ஒரு பிரசங்கமாகவே செய்தேன்.

"பட்டறைக் கதைய பட்டறையில வச்சிக்கோங்க," என்றாள். "வயித்துக்கு இதான் நாரு. சாப்டுங்க."

எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. அதிலும் நோயாளி என்று நடத்தினால் பொறுக்காது. கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன். "நான் இன்னா சீக்காளியா? எனக்கு மட்டும் தனியா கிண்ணத்துல வச்சிக் குடுப்ப, நான் தின்னணுமா? நீயும் தின்னு. அப்பதான் நான் தின்னுவேன்."

அவள் கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய் இன்னொரு கிண்ணம் எடுத்துவந்து, என்னுடையதிலிருந்து பாதியை அதில் மாற்றிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து தினம் காலையில் இரண்டு கிண்ணம். வெயில் காலத்தில் பால், சர்பத். மழைக் காலத்தில் வெந்நீரும் பனங்கற்கண்டும். எனக்கு ஒரு மாதத்திலேயே குணம் தெரிந்தது. முகத்தின் அரக்கு நிறம் போய் மனிதன் மாதிரி பட்டறைக்குப் போனேன். அதற்கு ருசி என்று ஒன்றும் கிடையாது. பாலின் ருசி, சர்பத்தின் ருசி, அவ்வளவுதான். நான் பேப்பரைப் பார்த்துக்கொண்டே நிதானமாகத் தின்பேன். நான் பாதி தாண்டுவதற்குள் அவள் கிண்ணம் காலியாகிவிடும். அவ்வளவு ஆசை போலிருக்கிறது என்று நினைத்தேன். "மெதுவா தின்னுடி. உன் பங்க யாரும் புடுங்கிக்கப் போறதில்ல," என்று கிண்டல்கூடச் செய்திருக்கிறேன். அவள் எழுந்துவிடுவாள். மஞ்சள் நிற டப்பாவிலிருந்து எதையோ எடுத்து வாயில் போட்டு அதக்கிக்கொண்டு பாத்திரம் கழுவப் போவாள். பாக்கு என்று நினைத்திருந்தேன்.

ஆக, பந்தலில் உட்கார்ந்து மச்சினிச்சியின் கேள்விக்கு விடை தேடியபோது எனக்குக் கிடைத்தது இதுதான். அதற்கு முன்னால் மற்றதெல்லாம் யோசித்துப் பார்த்தேன். கறிக்குழம்பு எனக்குப் பிடித்தது. பூரி மகளுக்குப் பிடித்தது. காபியை எல்லோரும் குடித்து மிச்சமிருந்தால் குடிப்பாள். இட்லியில் கடைசி ஈடு அவளுக்கு, தோசையில் பிய்ந்தது அவளுக்கு. என்னதான் தின்றாள் இவள்? யோசிக்க யோசிக்க, அவள் எனக்கு எதிரில் உட்கார்ந்து தின்றது என்று நினைவில் இருந்தது அந்தக் கிண்ணம் மட்டும்தான். அதையும் அவசர அவசரமாக, ஆசையாக.

சாயங்காலம் மச்சினிச்சியிடம் போய், "பாதாம் பிசினு. நானே ஊற வைக்கறேன்," என்றேன். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இந்த மனிதன் இரண்டு வாரம் கழித்து வாயைத் திறந்தானே என்று இருந்திருக்கும்.

அடுக்களையில் நான் காலே வைத்ததில்லை என்று சொன்னால் அது பொய். தண்ணீர் குடிக்க வைத்திருக்கிறேன். அலமாரியில் தேடினேன். புதுப் பாக்கெட் ஒன்று பிரிக்காமல் இருந்தது. அவள் கடைசியாக வாங்கி வைத்தது. பிரித்துப் பார்த்தேன். தேன் நிறத்தில், மங்கலாக, கோணல்மாணலான கட்டிகள். இவ்வளவு காலம் தின்றிருக்கிறேன், காய்ந்த பிசினைக் கையில் எடுத்துப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எவ்வளவு போட வேண்டும் என்று யாரையாவது கேட்டிருக்கலாம். கூடத்தில் பெண்கள் நிறைய பேர் இருந்தார்கள். கேட்கத் தோன்றவில்லை. பிசின் சமாசாரத்தை எனக்கு ஒருத்தர் சொல்லித் தர வேண்டுமா?

நாற்பது வருஷமாகப் பிசினைத் தண்ணீரில் போட்டவன் நான். போட்டால் கரையும், எடை குறையும். கை நிறையப் போட்டால்தான் கடைசியில் ஏதாவது தேறும். படையலுக்கு ஒரு கிண்ணம், வந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு கரண்டியாவது வேண்டும். இந்தப் பாக்கெட் காணுமோ காணாதோ என்று எனக்குச் சந்தேகம்கூட வந்தது. இருந்ததிலேயே பெரிய குண்டானை எடுத்து, பாக்கெட் முழுவதையும் அதில் கொட்டி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, தட்டு போட்டு மூடினேன். என் ஆயுளில் அவளுக்காக நான் செய்த முதல் சமையல். அப்போது அப்படி ஒன்றும் தோன்றவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் நாற்காலிக்குப் போய்விட்டேன்.

காலையில் மச்சினிச்சி போட்ட சத்தத்தில்தான் எழுந்தேன். ஓடிப்போய்ப் பார்த்தால், குண்டானின் மேல் தட்டு சாய்ந்து நின்றது. தட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு பிசின் வெளியே வந்திருந்தது. மேடையில் ஒரு குவியல், அதிலிருந்து வழிந்து தரையில் ஒரு குவியல். ஒருத்தி கால் வைத்து வழுக்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எவ்ளோ போட்டீங்க மாமா?"

"ஒரு பாக்கெட்டு."

"முழுசாவா? ரெண்டு கட்டி போட்டா ரெண்டு பேருக்குக் காணும் மாமா!"

அவள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். சாவு வீட்டில் அத்தனை பெண்களும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். ஒருத்தி அண்டா எடுத்துவந்தாள், ஒருத்தி பால் தவலையை எடுத்துவந்தாள். அள்ள அள்ளக் குறையவில்லை. "அக்கா இருந்திருந்தா இன்னிக்கி உங்கள இன்னா பேச்சு பேசியிருக்கும்!" என்றாள் மச்சினிச்சி. சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நான் இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றேன். சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டவன் நிற்கிற மாதிரி நின்றேன்.

என் மகள் மட்டும் சிரிக்கவில்லை. பெரணமல்லூரில் கட்டிக்கொடுத்த பெண், ஒரே மகள். தரையில் கிடந்ததை ஒரு முறத்தில் வழித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "இது எதுக்குப்பா?" என்று கேட்டாள்.

"படையலுக்கு. அம்மாவுக்குப் புடிக்குமேன்னு..."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கோபமாக இருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"அம்மாவுக்கு இது புடிக்கவே புடிக்காதுப்பா."

"இன்னா பேசற? தினிக்கும் என் எதுருலதான தின்னா?"

"வழவழன்னு எறங்கறது கொமட்டிகினு வரும்னு சொல்லும். மூச்ச அடக்கிகினு ரெண்டே வாயில முழுங்கிடுமாம். நான் எத்தினியோ வாட்டி போன்ல திட்டியிருக்கேன், உனுக்குப் புடிக்காதத ஏம்மா தின்றன்னு. நான் தின்னலனா உங்கப்பா தொட மாட்டாரு, அந்த மனுஷனுக்கு மறுபடியும் ரத்தம் போவும்னு சொல்லும்."

 சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்து பிசினை வழிக்க ஆரம்பித்தாள்.

நான் ஒன்றும் உணரவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அடி விழுந்தது தெரிந்தது. வலி வரவில்லை. என் விரலில் கொதிநீர் பட்டால் பட்டது என்று தெரியும், சுடாது. அதே கதைதான்.

"அப்ப அவளுக்கு இன்னாதான் புடிக்கும்?" என்று மகளிடம் கேட்டேன். என் குரல் கடையில் விலை கேட்கிற குரல் மாதிரி இருந்தது.

மகள் யோசித்தாள்.  அவள் முகம் மெல்ல மெல்லக் கோணியது. "தெரியலப்பா," என்றாள். "எனுக்குப் புடிச்சதெல்லாம்தான் அம்மா பண்ணும்."

மச்சினிச்சிதான் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள். சின்ன வயதில் இருவரும் ஆடு ஓட்டிக்கொண்டு போவார்களாம். கருவேல மரத்தில் பட்டை வெடித்து வடிந்திருக்கும் பிசினை அக்காக்காரி உரித்து உரித்து வாயில் போட்டுக்கொள்வாளாம். பல்லில் ஒட்டிக்கொண்டு வாயே திறக்க வராதாம். பாவாடை முடிச்சிலும் முடிந்துகொண்டு வருவாளாம். "அதுக்கு எங்கம்மா கையால வாங்காத அடி இல்ல. இப்ப தின்னுதா இன்னாவோ, எனுக்குத் தெரியாது மாமா. அப்ப அதுதான் அதுக்கு உசுரு."

மஞ்சள் டப்பா ஞாபகம் வந்தது. எடுத்துத் திறந்தேன். அடியில் கொஞ்சம் தூள் ஒட்டியிருந்தது. பாக்கின் தூள் இல்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு மொபெட்டை எடுத்தேன். படையலுக்கு நேரமிருந்தது. கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடையை அப்போதுதான் திறந்து, சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார் கடைக்காரர். என் கைநகத்தின் நிறத்தைப் பார்த்ததுமே, "சாயப்பட்டறை ஆளுங்கதான?" என்றார். எந்தத் தெரு என்று கேட்டார், சொன்னேன்.

"அட, அந்தக்கா வூட்டுக்காரரா நீங்க? அவங்க எங்க வரல?"

"வேலையா கீறா," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயில் அதுதான் வந்தது.

"எப்பவும் போலதான? பாதாம் பிசின் ஒரு பாக்கெட்டு, கருவேலம் பிசின் கொஞ்சூண்டு?"

"கருவேலம் மட்டும் போதும்."

ஒரு டப்பாவைத் திறந்து காகிதத்தில் கொட்டினார். சின்னச் சின்ன உருண்டைகள், சில வெள்ளை, சில செம்பழுப்பு. "பொட்டலத்த மடிக்கறதுக்குள்ள ஒண்ண எடுத்து வாயில போட்டுக்குவாங்க. அப்பிடியே சப்பிகினே போவாங்க. அதுல இன்னா ருசியோ," என்று சிரித்துக்கொண்டே பொட்டலத்தை நீட்டினார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்தேன். வழியில் எதுவும் தோன்றவில்லை. சிக்னலில் சரியாக நின்றேன், சரியாகக் கிளம்பினேன்.

படையல் நல்லபடியாக நடந்தது. அரக்கு நிறச் சேலை, என் பட்டறையில் சாயம் ஏறியதுதான், மடித்து வைத்திருந்தார்கள். அதன் பக்கத்தில் தலைவாழை இலை. வடை, பாயசம், பூரி என்று கறிக்குழம்பு தவிர மற்ற எல்லாம். இலையின் ஓரத்தில் என் கையால் கருவேலம் பிசினை வைத்தேன். செய்வதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஊற வைக்க வேண்டாம், வேக வைக்க வேண்டாம். பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினேன், அவ்வளவுதான். எங்களில் பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "இதுவா?" என்றார். "இதான்," என்றேன். கற்பூரம் காட்டினார்கள். பெண்கள் அழுதார்கள். நான் கைகூப்பி நின்றேன். எல்லோரும் என் கண்ணைப் பார்த்தார்கள். மழை இல்லை.

பிறகு சாப்பாடு. அடுக்களையில் இருந்த பாதாம் பிசினை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. கொட்டக் கூடாது என்று மச்சினிச்சி பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். அக்கா வாங்கி வைத்தது, மாமா ஊற வைத்தது. பாலும் நன்னாரி சர்பத்தும் கலந்து, வந்தவர்கள் எல்லோருக்கும் டம்ளர் டம்ளராகக் கொடுத்தார்கள். வெயிலுக்கு நன்றாக இருந்தது போல. பந்தல் போட்டவர் இரண்டு டம்ளர் குடித்தார். தெருவில் போன தள்ளுவண்டிக்காரருக்குக்கூடக் கொடுத்தார்கள். காரிய வீட்டில் பாதாம் பிசின் சர்பத் குடித்தது எங்கள் தெருவில் இன்னும் பேச்சாக இருக்கிறது.

எல்லோரும் கைகழுவி ஓய்ந்தபின் மகள் எனக்கு ஒரு கிண்ணம் கொண்டுவந்தாள். அவள் அம்மா கொடுக்கிற அதே கிண்ணம். "காலையில இருந்து ஒண்ணும் சாப்டல நீ. இதயாவது சாப்டு. இத வுட்டுட்டு மறுபடியும் வயித்தக் கெடுத்துக்காத," என்றாள். குரல்கூட அம்மா மாதிரியே இருந்தது. எதிரில் உட்காருவாளோ என்று பார்த்தேன். அவளுக்கு உள்ளே குழந்தை அழுதது. போய்விட்டாள்.

தனியாகக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரில் யாரும் இல்லாமல் அதைத் தின்பது எனக்கு அதுதான் முதல் தடவை. பேப்பரும் இல்லை. ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டேன். வழவழவென்று நாக்கைத் தாண்டியது. தொண்டையில் இறங்கும்போது, நான் விழுங்காமலே தானாக, உயிருள்ள எதுவோ போகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. அடிவயிற்றிலிருந்து குமட்டியது. இத்தனை வருஷம் தினமும் தின்றிருக்கிறேன், ஒரு நாளும் இப்படித் தெரிந்ததில்லை. வாயைப் பொத்திக்கொண்டேன். மூச்சை அடக்கினேன். அவளும் இப்படித்தான் அடக்கியிருப்பாள், எனக்கு எதிரில், நான் கிண்டல் செய்துகொண்டிருந்தபோது.

கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. நிற்கவில்லை. மச்சினிச்சி ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். "அழுவுங்க மாமா, நல்லா அழுவுங்க," என்றாள். பந்தலில் இருந்தவர்களும் எழுந்து வந்துவிட்டார்கள். குமட்டல் என்று அவர்களிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் முழு உண்மையாக இருந்திருக்காது.

கிண்ணத்தில் முக்கால்வாசி மிச்சம் இருந்தது. வைத்துவிடச் சொன்னார்கள். நான் வைக்கவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஒவ்வொரு வாயாக, கடைசிவரை தின்று முடித்தேன்.